அப்பாவின் துப்பாக்கி டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, இரவில் வயலுக்கு எடுத்துப் போகலாமா?

மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் ஒரு கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயலில் போர் மோட்டார் வயரை மூன்று முறை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வரப்புத் தகராறில் சித்தப்பா மகன் அரிவாளோடு வந்து மிரட்டினார், ஸ்டேஷனில் வழக்குப் பதியாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். கஜா புயலின்போது இருபது நாள் கரண்டும் போனும் இல்லாமல் வயல் வீட்டில் தனியாகக் கிடந்த பயம் இன்னும் போகவில்லை. அதனால் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வாங்க வேண்டும், அது கிடைக்கும்வரை காலஞ்சென்ற அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது மூன்றாம் பக்கத்து ஒற்றை வரிதான். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது, துப்பாக்கி அம்மாவின் அறையில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. உரிமம் அப்பாவுக்குக் கொடுத்தது, அவரோடு முடிந்துவிட்டது. நிலம் வாரிசுக்கு வருவதுபோல் அது வராது. துப்பாக்கி உங்கள் குடும்பச் சொத்துதான், ஆனால் அதை வீட்டில் வைத்திருக்க உங்கள் யாருக்கும் உரிமை இல்லை. இப்படி ஆகிவிட்ட ஆயுதத்தைத் தேவையில்லாத தாமதம் செய்யாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ தோட்டாவோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பிரிவு 21. நீங்கள் எடுத்துப் போகலாமா என்று கேட்கிறீர்கள். வைத்திருப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம் வேறு.

வயர் திருட்டு, மிரட்டல், எஸ்.ஐ. உங்களிடம் பேசிய விதம் எல்லாம் நீங்கள் சொன்னபடியே நடந்திருக்கட்டும், இந்தக் கேள்விக்கு அவை உதவாது. குடும்பத்தைக் காப்பாற்றத்தான் வைத்திருந்தேன் என்று சொன்ன நடிகர் சஞ்சய் தத்துக்கும் 2013இல் உச்ச நீதிமன்றம் 5 ஆண்டு சிறை கொடுத்தது. அவரிடம் இருந்தது தடைசெய்யப்பட்ட வகை, உங்களுடையது அப்படி இல்லை. ஆனால் உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்குப் பயம் ஒரு பதிலாகாது என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

நான் உண்மையில் பயந்தது வேறொரு வரியைப் படித்து. 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில், உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி வந்த போலீஸ்காரரிடம் அம்மா "அதை அப்பவே கொடுத்தாச்சு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பாவின் பெயர் பதிவேட்டில் அப்படியேதான் இருக்கிறது, துப்பாக்கியின் எண்ணும் இருக்கிறது. அடுத்த முறை வருபவர் ரசீதைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? வீட்டில் ஆயுதம் இருப்பது தெரிந்து, அது தன் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும், கையில் பிடித்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் நீதிமன்றங்களின் நிலை. பெட்டி அம்மாவின் அறையில், சாவி அம்மாவின் இடுப்பில். எழுபது வயதில் அவரை வழக்கில் முதல் குற்றம்சாட்டப்பட்டவராக நிறுத்திவிடாதீர்கள்.

இந்த இடத்தில், வக்கீலான என்னிடம் வழக்கோடு வந்த கட்சிக்காரர்கள் விழுந்த பள்ளங்களைச் சொல்கிறேன். ஒருவர் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகத் துப்பாக்கியை வெண்ணாற்றில் போட்டுவிட்டார். துப்பாக்கி போய்விட்டது, பதிவேடு போகவில்லை. காணாமல் போனது என்றால் புகார் எங்கே, விற்றது என்றால் யாருக்கு என்று அலைக்கழிந்தார், இருந்த துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் ஒரு காலையில் முடிந்திருக்கும். இன்னொருவர் பாபநாசம் பக்கம், வாழைக்கொல்லை. சுடவில்லை, தோட்டாகூடப் போடவில்லை, வரப்பில் நின்றுகொண்டு சும்மா காட்டினார். எதிராளி செல்போனில் படம் எடுத்துவிட்டான். அதுவரை அவர் புகார்தாரர், அன்று சாயங்காலத்திலிருந்து அவர் குற்றவாளி, கொலை மிரட்டலும் ஆயுதச் சட்டமும் சேர்ந்து. எதிராளியின் அரிவாளை வயல் வேலைக்கு வைத்திருந்தது என்று அவன் வக்கீல் சுலபமாகச் சொல்லிவிட்டார், விவசாயக் கருவி ஆயுதச் சட்டத்தில் வராது. துப்பாக்கிக்கு அப்படிச் சொல்ல வழியே இல்லை.

மூன்றாவது ஆள் உரிமம் உள்ளவர், வெட்டவெளியில் வயர் அறுத்தவனை இருட்டில் சுட்டார், தொடையில் பட்டது. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது, ஆனால் தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. உயிருக்கோ பெரிய காயத்துக்கோ பயம் இல்லாத வெறும் திருட்டுக்கு ஆளைக் கொல்லும் அளவுக்குப் போக முடியாது. தற்காப்பு என்று நிரூபிக்கும் பாரமும் சுட்டவர் தலையில்தான். திருடன் சில வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டான். இவர் கொலை முயற்சி வழக்கில் வருடக்கணக்காக வாய்தாவுக்கு நடந்தார், நாற்பது அடி வயருக்காக ஒரு மா நிலத்தை, அதாவது சுமார் 33 சென்ட்டை விற்றார்.

சரி, புது உரிமம். 2016 ஆயுத விதிகளில் இறந்தவரின் வாரிசுக்கு உரிமம் தரும் வழி இருக்கிறது, திருப்பூரில் இருக்கும் தம்பியும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊருக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. வடுவூர் பறவைகள் சரணாலயம். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது உரிமம் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், வன உயிரினச் சட்டம் பிரிவு 34. கடிதத்தில் ஆறேழு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். மனுப் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு போடாதீர்கள், போலீஸ் விசாரணைக்கு வரும் இடமே அந்த வீடுதான். புயல் பயத்துக்கும் அது மருந்து இல்லை. ஆள் இல்லாத வீட்டில் கிடக்கும் துப்பாக்கி இன்னொருவன் கைக்குப் போகும், பதில் சொல்வது நீங்கள்.

சித்தப்பா மகன் விஷயத்தில் சமாதானமாகப் போங்கள். தகராறு ஆறு குழிக்கு, அதாவது இரண்டு சென்ட். தாலுகா சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றுங்கள். அளவில் அவர் பக்கம் ஒரு குழி போனாலும் போகட்டும், வாய்க்கால் தண்ணீர் முறையை மட்டும் தெளிவாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கோபத்தில் இருக்கிறீர்கள், இது கசக்கும், தெரியும். நாளைக்கு உங்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பதாக ஸ்டேஷனுக்குப் போன் போடக்கூடிய ஒரே ஆள் அவர்தான், சின்ன வயதில் அந்தப் பெட்டியைப் பார்த்தவர்.

அதற்கு முந்திக்கொள்ளுங்கள். வைத்திருந்ததற்கு வழக்கு நடத்த மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும், பிரிவு 39. தானாகக் கொண்டுவந்து கொடுத்தவர் மேல் அந்த அனுமதி கேட்டு எழுதிய இன்ஸ்பெக்டரை என் அனுபவத்தில் பார்க்கவில்லை, சோதனை போட்டு எடுத்த துப்பாக்கிக்கு எழுதாதவரையும் பார்க்கவில்லை. பைக்கில் சாக்கில் சுற்றி நீங்களே எடுத்துப் போகாதீர்கள், வழியில் மடக்கினால் கதையே வேறு. இறப்புச் சான்றிதழ், பழைய உரிமப் புத்தகம், தாமதத்துக்கு உண்மையான காரணம் எழுதிய மனு, இவற்றோடு உள்ளூர் வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு முதலில் வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போங்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும். மனுவின் நகலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன்பிறகு வாரிசு மனுவையோ விற்பதையோ தள்ளிப்போடக் கூடாது, விதித்த காலம் தாண்டினால் அரசு பறிமுதல் செய்யலாம். அதுவரை பெட்டியைத் திறக்கவேண்டாம், துடைத்து வைக்கிறேன் என்றுகூட.