சபை வாசலுக்கு ஓட்டுக் கேட்கப் போகும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, பழைய குளிரும் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி மொய்ன் நகருக்கு வந்து நான்கு மாதம், கையில் ஹெச்1பி வேலை விசா. அலுவலக நண்பர் ஒருவர், நம் ஊர் வம்சாவளி, அயோவா சட்டமன்றத்துக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயல்கிறார். சுவிசேஷ சபைக்காரர்களிடம் (இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம்) ஆதரவு கேட்க உங்களையும் கூப்பிடுகிறார். போகலாமா, அவர்களை எப்படி வசப்படுத்துவது என்று கேட்கிறீர்கள். கூடவே பொன்னி அரிசி, பிள்ளைக்குப் பள்ளி. அரிசி இந்தியக் கடையில் கிடைக்கும். பள்ளி வீட்டு முகவரியைப் பொறுத்தது. அவ்வளவுதான்.

முதலில் விசா. சம்பளம் வாங்காத தொண்டராக வீடு வீடாகப் போகலாம், தடையில்லை. ஆனால் தேர்தல் நிதியாக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கிரீன் கார்டு வரும்வரை அது சட்ட விரோதம். "வேறொருவர் பெயரில் கொடுத்தால் யாருக்குத் தெரியும்" என்று சொல்ல நம்மவரில் ஒரு மேதாவி எல்லா ஊரிலும் இருப்பார். அதைவிட ஆபத்து, ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடம். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கேயே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டார். பல வருடம் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தில், "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா?" என்ற கேள்வி வந்து நின்றது. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் அவர் ஒரு கார் வாங்கியிருக்கலாம்.

இனி அந்த "வசப்படுத்துவது". அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் ஆயரைப் பார்த்துப் பேசினால் ஓட்டு மொத்தமாக விழும் என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். இங்கே ஆயரும் இல்லை, மொத்தமும் இல்லை. வடமேற்கே சியூ கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) டச்சு வம்சாவளிச் சீர்திருத்த சபைகள், நகரைச் சுற்றி பாப்டிஸ்டுகள், பெயரே இல்லாத பெரிய தனிச் சபைகள். கறுப்பின சபைகளிலும் அதே பைபிளும், இயேசுவை ஏற்றுப் புதிதாய்ப் பிறப்பது என்ற அதே நம்பிக்கையும்தான், ஓட்டு மட்டும் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு. தலைவரைப் பிடித்தால் போதும் என்பவர்களுக்கு 2024-ஐக் காட்டுங்கள். குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி ஓட்டுப் போடும் காக்கஸ் அது. இங்கே சுவிசேஷகர்களிடம் செல்வாக்குள்ள பாப் வாண்டர் பிளாட்ஸும் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸும் டிரம்ப்பை எதிர்த்துப் போட்டியிட்ட ரான் டிசாண்டிஸ் பக்கம் நின்றார்கள். ஜனங்கள் 99 கவுண்டிகளில் 98-ஐ டிரம்ப்புக்குக் கொடுத்தார்கள்.

அந்த டிரம்ப்பே 2016 ஜனவரியில் சுவிசேஷகர்களின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில், பைபிள் புத்தகம் ஒன்றின் பெயரை "இரண்டாம் கொரிந்தியர்" என்று சொல்ல வேண்டியதை "இரண்டு கொரிந்தியர்" என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளானவர். அடுத்த மாதம் அயோவா காக்கஸில் டெட் குரூஸிடம் தோற்றார். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு யார் யாரை நியமிப்பேன் என்று பெயர்ப் பட்டியல் வெளியிட்டார். ஜூலையில் சுவிசேஷகரான மைக் பென்ஸைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக எடுத்துக்கொண்டார். நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வெள்ளைச் சுவிசேஷகர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அவருக்குப் போட்டார்கள். வசனம் தெரியுமா என்று பார்த்தார்கள்தான். கருக்கலைப்பு விஷயத்தில் என்ன செய்வான் என்று அதைவிட உற்றுப் பார்த்தார்கள். உங்கள் நண்பரிடம் அதற்கு நேரான பதில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மழுப்புவார் என்றால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம்.

இன்னொன்று. "எல்லாக் கடவுளும் ஒன்றுதான்" என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள். நமக்கு அது பெருந்தன்மை. இயேசு ஒருவரே வழி என்று நம்புகிறவருக்கு, அவருடைய நம்பிக்கையை அழகாக மறுத்த மாதிரி. நம்மவர்கள் இதைச் சொல்லிவிட்டு, எதிராளி ஏன் முகம் சுருங்கினார் என்று புரியாமல் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இதைவிட மோசம், தேர்தல் வந்ததும் சபையில் போய்க் கண்ணை மூடிக் கையைத் தூக்குகிறவர்கள். அதே 2024 போட்டியில் நின்ற பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமியிடம் அயோவாவில் மதத்தைப் பற்றிக் கேட்டபோது, நான் இந்து என்று ஒளிக்காமல் சொன்னார். நான்காவது இடம்தான் கிடைத்தது. அவர் அரசியல் எனக்குப் பிடிக்காது. அந்தப் பதில் பிடித்தது.

வேலை செய்கிற வழி மெதுவானது. 2012 காக்கஸில் போட்டியிட்ட ரிக் சாண்டோரம் ஒரு பிக்கப் வண்டியில் 99 கவுண்டிக்கும் போனார். பீட்சா ராஞ்ச் கடைகளில் பத்துப் பேர் இருந்தாலும் உட்கார்ந்து பேசினார். இறுதி எண்ணிக்கையில் 34 ஓட்டில் ஜெயித்தார்.

நான் வந்தது 2007 டிசம்பரில். சென்னையில் வாங்கிய ஸ்வெட்டரை நம்பி வந்தவன். ஒருநாள் மாலை கதவு தட்டப்பட்டது. போலீஸோ என்று பயந்து திறந்தால் ஒரு பாட்டி, கையில் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற மைக் ஹக்கபியின் துண்டுப் பிரசுரம். எனக்கு ஓட்டு இல்லை என்றேன். பிரசுரத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "உன்னிடம் கோட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். மறுநாள் காலமான கணவரின் கோட்டும், சீஸ் போட்டுச் சுட்ட ஒரு தட்டு உருளைக்கிழங்கும் வந்தன. உள்ளே மாட்டிறைச்சி. சொல்லத் தெரியாமல் விழித்தேன். இப்போதென்றால் முதல் நாளே சொல்லியிருப்பேன். அந்தத் தைரியம் வர இரண்டு குளிர்காலம் ஆனது. ஜனவரி 3 அன்று காக்கஸ் பார்க்க என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டார்கள், அவ்வளவு எளிமை. அயோவாவில் ஹக்கபி ஜெயித்தார், பாட்டி அழுதார்.

சபைக்கு வா என்று அவர் கூப்பிட்டது மூன்றாம் வருடம்தான். மாட்டேன் என்றேன். அடுத்த வாரமும் தட்டு வந்தது, இறைச்சி இல்லாமல். இப்போது எனக்கு ஓட்டு இருக்கிறது; யாருக்குப் போடுகிறேன் என்று அவருக்குத் தெரியும், கோபம்தான். அவர் வீட்டு வாசல் பனியை நான்தான் தள்ளுகிறேன்.