உபதேசியார் பதில்கள்: பயந்தவளுக்கு மோட்சம் இல்லையா?

மறைக்கல்வி வகுப்பில் தேவசகாயம்பிள்ளையின் கதையைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து என் பத்து வயது மகளுக்குத் தூக்கமில்லை. "துப்பாக்கியைக் காட்டினால் இயேசுவைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன் அம்மா, அப்போ எனக்கு மோட்சம் இல்லையா?" என்று அழுகிறாள். உள்ளதைச் சொன்னால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, தலவாக்கலை

முதலில் பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. கோளாறு அவளிடம் இல்லை, நாங்கள் கதை சொல்லிக் கொடுக்கிற விதத்தில்தான் இருக்கிறது. அவரைச் சுட்ட காற்றாடிமலை, துப்பாக்கி, ரத்தம் என்று கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் எந்தப் பிள்ளைதான் தூங்கும்?

முழுக் கதையையும் சொல்லுங்கள். தேவசகாயம்பிள்ளையின் முதல் பெயர் நீலகண்டபிள்ளை. 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தர். வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நட்டம் வந்து நொந்துபோயிருந்தபோது டிலனாய் என்ற தளபதி அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். இந்த டிலனாய், 1741இல் நம் இலங்கையிலிருந்து கப்பலேறிப் போய்க் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர். பிறகு 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அப்போது அவருக்கு 33 வயது. பிடித்து அடைத்தது 1749இல். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அடித்துக்கொண்டு போனார்கள். சுட்டது 1752 ஜனவரி 14. பத்து வயதில் அவருக்கு இயேசுவின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. உங்கள் மகளுக்கு மட்டும் பத்து வயதிலேயே எல்லாத் தைரியமும் வந்துவிட வேண்டுமா என்ன?

உங்களைப் பிடித்துக் கொடுக்கும்போது என்ன பேசுவது என்று கவலைப்படாதீர்கள், அது அந்த நேரத்தில் கொடுக்கப்படும் என்று இயேசு சொல்லியிருக்கிறார் (மத்தேயு 10:19). அந்த நேரத்தில் என்றார், முதல் நாள் இராத்திரியே கையில் தருகிறேன் என்று சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் நாலு வசனம் தள்ளிப் பாருங்கள்: ஒரு ஊரில் துன்புறுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடிப்போகச் சொல்கிறார். இதை எந்த மறைக்கல்வி வகுப்பிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை!

ஸ்மிர்னா ஆயர் பொலிகார்ப் அப்படித்தான் செய்தார். இரண்டாம் நூற்றாண்டுக்காரர். தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் போய் இருந்தார், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறினார். கடைசியில் வந்து பிடித்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். அதே சமயம் குயிந்துஸ் என்று ஒருவன், யாரும் தேடாமலே தானாகப் போய் நின்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனான். கொல்ல வைத்திருந்த மிருகத்தைக் கண்டதும் அவன்தான் விசுவாசத்தை மறுதலித்தான். தானாகப் போய்க் கழுத்தை நீட்டுகிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தக் கால சபையே எழுதி வைத்திருக்கிறது.

மறுதலிக்கச் சொன்னபோது பொலிகார்ப் என்ன சொன்னார்? "86 வருஷம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. என்னை மீட்ட அரசரை எப்படித் தூஷிப்பேன்?" இதில் மோட்சம் என்ற பேச்சே இல்லை, கவனித்தீர்களா? கல்லெறிபட்ட ஸ்தேவானும் வானம் திறந்திருக்கக் கண்டபோது மாளிகையையோ கிரீடத்தையோ பற்றிச் சொல்லவில்லை. இயேசு நிற்கிறார் என்றுதான் சொன்னார். நம் ஆட்களுக்கு மோட்சம் என்றாலே தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவம்தான் ஞாபகம் வருகிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் போடுகிற கணக்கப்பிள்ளை மாதிரி கடவுள் செக்ரோல் பதிவேட்டோடு வாசலில் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே இருப்பவர் நமக்குத் தெரிந்தவர். சாகிறவர்கள் அவரிடம் போகிறோம் என்றுதான் போனார்கள்.

பேதுருவை மறந்துவிடாதீர்கள். அவரிடம் யாரும் துப்பாக்கி காட்டவில்லை. ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே தெரியாது என்றார், அதுவும் மூன்று தரம். ஆண்டவர் அவரைக் கூப்பிட்டு, "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டதோடு சரி. அப்புறம் ரோமாபுரியில் அதே பேதுரு வேதசாட்சியாக, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்துச் செத்தார். இன்றைக்கு மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மோட்சத்தைக் காட்டியே நம் சனங்களை அடக்கி வைத்தார்கள் என்கிறேன். "இங்கே பொறுத்துக்கொள், அங்கே கிடைக்கும்" என்று என் தாத்தாவிடம் சொன்னார்கள். அவர் தோட்டத்து லயத்துக் காம்பராவிலேயே செத்தார். உங்கள் வேதசாட்சிகள் கதையும் அதே மருந்துதானே?
– வாசகர், மஸ்கெலியா

கோபம் நியாயமானது. அப்படிப் பிரசங்கம் செய்தவர்கள் இருந்தார்கள், நானே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும், அது ஆண்டவர் காதில் விழும் என்ற யாக்கோபு 5:4ஐ அவர்கள் வாசித்ததாக ஞாபகமில்லை.

ஆனால் என் அப்பாயியை, அப்பாவின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அம்மா ராமநாதபுரத்துக்காரர். வேதசாட்சி அருளானந்த சுவாமியை 1693 பெப்ரவரி 4ஆம் திகதி ஓரியூரில் தலை வெட்டிக் கொன்றார்களே, அந்த இடத்துச் செம்மண் ஒரு பிடி, பழைய பவுடர் டின் ஒன்றில் எங்கள் வீட்டுச் சுரூபத்தடியில் இருக்கும். சுவாமியின் இரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் நெற்றியில் கொஞ்சம் பூசுவார். அதே அப்பாயி, கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கூடுதலாகக் கழித்தால் தராசுக் கொக்கியைக் கையால் பிடித்துக்கொண்டு, "திரும்பப் போடு" என்று நிற்பார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். நகரமாட்டார். சாவுக்கே பயப்படாதவருக்குக் கணக்கப்பிள்ளை எம்மாத்திரம்?

இன்னொருவர், நமக்குப் பக்கத்து ஊவாவிலேயே. மைக்கல் றொட்ரிகோ பாதர், அமலமரித் தியாகிகள் சபைக் குரு. 1980இல் புத்தளைப் பக்கம் அலுக்கலவிட்ட என்ற கிராமத்துக்குப் போனார். சுற்றிலும் பௌத்த விவசாயிகள். யாரையும் மதம் மாற்றப் போகவில்லை, ஏழைகளோடு இருக்கப் போனார். மிரட்டல் வந்தும் அந்தச் சனத்தை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை வைத்துக்கொண்டிருந்தவரைச் சுட்டார்கள். பொறுத்துக்கொள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவரை யார் சுடப்போகிறார்கள்?

உங்கள் தாத்தாவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. அதை மோட்சத்தின் கணக்கில் எழுதிவிட நானும் உடன்படமாட்டேன்.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று ஆலயங்களில் குண்டு வெடித்து இறந்தவர்களை வேதசாட்சிகள் என்று சொல்லலாமா? அவர்களிடம் விசுவாசத்தை விடுகிறாயா என்று யாரும் கேட்கவே இல்லையே. பூசைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.
– ஆசிரியை, பண்டாரவளை

நல்ல கேள்வி. கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் ஆலயம், மூன்று இடத்திலும் இதே நிலைமைதான். சீயோனில் பலியானவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள்.

கேள்வி கேட்டுத்தான் கொல்ல வேண்டும் என்றால் இயேசு பிறந்தபோது ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளை என்ன செய்வது? பேசத் தெரியாத பிள்ளைகள். திருச்சபை டிசம்பர் 28ஆம் திகதி அவர்களுக்குத் திருநாளே வைத்திருக்கிறது. வேதனை ஒருவரை வேதசாட்சி ஆக்காது, காரணம்தான் ஆக்கும் என்பது புனித அகுஸ்தீனாரின் கணக்கு. கொன்றவன் எதை வெறுத்துக் கொன்றான் என்று பார்க்க வேண்டும்.

2025இல் வத்திக்கான் நம் இரண்டு கத்தோலிக்க ஆலயங்களிலும் இறந்த 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்தது. இது புனிதர் பட்டம் அல்ல, அதற்கு வேறு விசாரணை இருக்கிறது. அவசரப்பட்டுச் சுரூபம் செய்துவிட வேண்டாம். இறந்தவர்களின் வீட்டாருக்கு நீதி இன்னும் பாக்கி இருக்கும்போது, "அவர்கள்தான் மோட்சத்தில் இருக்கிறார்களே" என்று அவர்களுடைய வாயை அடைப்பது மகா பாவம். வெளிப்படுத்தல் 6ஆம் அதிகாரத்தில், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு பீடத்தின் கீழே இருக்கிற ஆன்மாக்களே "இன்னும் எவ்வளவு காலம்?" என்று சத்தம் போட்டுக் கேட்கின்றன. மோட்சத்துக்குப் போனவர்களே கேட்கலாம் என்றால் நீர்கொழும்பிலிருக்கிற தாய் கேட்கக்கூடாதா?

கண்டியில் சிறையிருந்த யோசேப்பு வாஸ் முனிவரும் வேதசாட்சிதானே?
– மாணவர், அட்டன்

இல்லை தம்பி. 1692இல் உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள், பிறகு அரசனே நல்ல சிநேகிதனாகிவிட்டான். 1697இல் கண்டியில் அம்மை பரவி ஊரே காலி செய்தபோது அவர் நின்று நோயாளிகளைப் பார்த்தார். 1711 ஜனவரி 16இல் படுக்கையில்தான் இறந்தார். பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதே. தேவசகாயம்பிள்ளைக்கு 14, வாஸ் முனிவருக்கு 16, இரண்டும் தைப்பொங்கலை ஒட்டித்தான்.

(அடுத்த இதழுக்கான கேள்விகளைப் பத்தாம் திகதிக்கு முன் அனுப்புங்கள். பென்சிலில் எழுத வேண்டாம், என் கண்ணாடிக்கு எட்டவில்லை.)