மாமியாரும் லட்சுமியும் ஒரு கூகையும்

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம், பழைய ஓட்டு வீடு. இரண்டு மாதமாகப் பரணில் வெள்ளை மூஞ்சி ஆந்தை ஜோடி ஒன்று குடியிருக்கிறது. ராத்திரி முழுக்க மேலே பாம்பு சீறுவது போல் சத்தம். சாக்குருவி வந்த வீடு விளங்காது, புகை போட்டு விரட்டு என்கிறார் மாமியார். என் வீட்டுக்காரரோ அது லட்சுமியின் வாகனம், இருக்கட்டும் என்கிறார். எலித் தொல்லைக்கு மருந்து வேறு வைத்திருக்கிறோம். யார் சொல்வது சரி? எப்படி விரட்டுவது? (ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது சாக்குருவியும் இல்லை, லட்சுமியும் இல்லை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எலி மருந்து, அதுதான். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தச் சீறல். வெள்ளை மூஞ்சி, அதுவும் நடுவில் வெட்டிய ஆப்பிள் மாதிரி இருக்கிறது என்றால் அது கூகை. சீறுவது பாம்பில்லை, குஞ்சுகள். பசித்தால் அப்படித்தான் சத்தம் போடும், இரை வரும் வரை விடாது. கூகை கூடு கட்டுவதில்லை, பரண், கோபுரப் பொந்து, பாழடைந்த வீடு என்று இருட்டாக ஓர் இடம் கிடைத்தால் வெறும் தரையிலேயே முட்டை வைத்துவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு முட்டையிட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்க ஆரம்பித்துவிடுவதால் குஞ்சுகள் அண்ணன் தம்பி மாதிரி ஏறுவரிசையில் நிற்கும். இப்போது புகை போட்டால் பெரியவை பறந்துவிடும், பறக்கத் தெரியாதவை அங்கேயே மூச்சு முட்டிச் சாகும், அப்புறம் நாற்றத்துக்கு வழி கேட்டு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். பறந்த பெரியவையும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது, பகலில் வெளியே தள்ளினால் காக்கைக் கூட்டம் சும்மா விடாது. பகலில் காக்கை கூகையை வெல்லும் என்று வள்ளுவரே ராஜாக்களுக்கு உதாரணம் காட்டியிருக்கிறார்.

சரி, மாமியார். அவரைக் கேலி செய்ய நான் தயாரில்லை, நடுராத்திரியில் கூகை தலைக்கு மேல் கிறீச்சிட்டுப் போனால் எனக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் விடிய விடிய விளக்கு எரிகிற வீடு எது? ஆள் படுத்த படுக்கையாகக் கிடக்கிற வீடு. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் புள்ளி ஆந்தை வரும், அதன் சத்தத்தைக் கேட்க அந்த வீட்டில் மட்டும்தான் நாலு பேர் கண்விழித்து உட்கார்ந்திருப்பார்கள். மற்ற வீடுகளிலும் அது கத்திவிட்டுத்தான் போகிறது, தூங்குகிறவர்கள் கணக்கு வைப்பதில்லை. நற்றிணையில் 83ஆம் பாட்டில் ஒரு தோழி, ஊர்த் துறையில் சாமி குடியிருக்கும் பழைய மரத்துக் கூகையிடம் பேரம் பேசுகிறாள்: நெய்ச்சோறும் கறியும் சுட்ட எலியும் தருகிறோம், என் தோழி தன் காதலனுக்காகத் தூங்காமல் காத்திருக்கிற நேரத்தில் மட்டும் பயமுறுத்திக் கத்தாதே என்று. அவளுக்கும் பயம்தான். ஆனாலும் விரட்டச் சொல்லவில்லை பாருங்கள், விருந்து போடுகிறேன் என்கிறாள்.

உங்கள் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருப்பது போலத் தோன்றும், எனக்கு அவர்மேல்தான் சந்தேகம் அதிகம். வாகனம் என்கிற இதே நம்பிக்கையைச் சொல்லித்தான் வட இந்தியாவில் தீபாவளி நேரத்தில் ஆந்தையைப் பிடித்து விற்பதும் பலி கொடுப்பதும் நடக்கிறது. லட்சுமி வந்த வீட்டைவிட்டுப் போகாமல் இருக்க வாகனத்தைக் கொன்றுவிட வேண்டுமாம்! ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அப்படித்தான், அதை மாமியாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இப்போது மருந்து. கடையில் எலி கேக் என்று கொடுக்கிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது புரோமடையலோன், ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற சமாச்சாரம். தின்ற எலி உடனே சாகாது. சில நாள் உயிரோடு இருக்கும், தள்ளாடும், ஓட முடியாமல் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். இப்படி ஓர் எலி கிடைத்தால் கூகை விடுமா? தூக்கிக்கொண்டு போய்க் குஞ்சுக்கு ஊட்டும். உங்கள் பரணில் எலியைப் பிடிக்க இரண்டு பேர் சம்பளமில்லாமல் ராத்திரி வேலை பார்க்கிறார்கள், அவர்கள் சோற்றில் நீங்களே விஷம் வைக்கிறீர்கள். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்கள் எலிக்காகவே கூகைக்குப் பெட்டி அடித்து வைத்துக் குடியமர்த்துகிறார்கள், நம் டெல்டாவிலேயே வயலில் ஆங்கில டி எழுத்து மாதிரிக் குச்சி நட்டு ஆந்தையை உட்காரச் சொல்லி வருந்தி அழைக்கிறோம். உங்கள் வீட்டுக்கு அது தானாக வந்திருக்கிறது. மருந்தை இன்றைக்கே எடுங்கள், மிச்சத்தைக் குப்பையில் வீசாமல் ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள். எலி அதிகமென்றால் பொறி வையுங்கள், வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் வில் பொறி இருக்கவே இருக்கிறது.

தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். என் அத்தை வீட்டுக் குதிர் அறைக்கு மேல் ஒரு ஜோடி இருந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பை ஊற்றிவிட்ட மாதிரி எச்சம், கீழே கட்டை விரல் பருமனில் கறுப்பாக, ஈரத்தில் பளபளக்கும் உருண்டைகள். எச்சமில்லை, செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை வாய்வழியாகக் கக்கியது. காய்ந்ததும் ஒன்றைச் செய்தித்தாளில் வைத்து ஈர்க்குச்சியால் பிரித்தேன். மயிர்ப் பந்துக்குள் மூன்று மண்டையோடு, இரண்டில் மஞ்சள் பல் எலியுடையது, நீள மூக்கோடு இருந்த மூன்றாவது மூஞ்சூறு. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என் நெல்லைத் தின்ன கழுதைங்களா?" என்றார். அன்றிலிருந்து கல்லெறிவது நின்றது. பெருக்குவது என் தலையில் விழுந்தது.

நீங்களும் கீழே பழைய சாக்கை விரித்துப்போட்டு வாரம் ஒருமுறை எடுத்து உதறுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு. ஏணி போட்டு எட்டிப் பார்க்க வேண்டாம், நகம் கூர்மை, முகத்துக்குத்தான் பாயும். குஞ்சு கீழே விழுந்தால் பால், சோறு எல்லாம் புகட்டாமல், துணியால் மூடி எடுத்து அதே இடத்தில் விட்டால் போதும், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பொரித்து இரண்டு மாதம் போலக் குஞ்சுகள் பறந்துவிடும், சீறலும் அதோடு சரி. அதற்குப் பிறகும் பரணில் வேண்டாம் என்று தோன்றினால், எல்லாம் வெளியேறிவிட்டதைச் சில ராத்திரி பார்த்து உறுதி செய்துகொண்டு ஓட்டு இடுக்கைக் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் கொல்லையில் உயரமான மரத்தில் ஒரு மரப்பெட்டி கட்டி வைத்தால் அங்கே போய்விட வாய்ப்பு உண்டு. ஃபோட்டோ எடுத்து அனுப்புவதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், அனுப்புங்கள், ஃபிளாஷ் மட்டும் போடாமல்.