கல்யாணத்துக்கு சொல்லி செய்ற சாமான்: கேளுங்க, சொல்றேன்

கும்பகோணத்துல எங்களுக்கு பாத்திரக்கடை. சீர் சாமான் எடுக்க வர்றவங்கள கூட்டிட்டு பட்டறை பட்டறையா போய் பழக்கம், அதனால விளக்கு, தட்டு, பட்டு எதுனாலும் கேளுங்க.

மன்னார்குடி அக்கா: பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். நாச்சியார்கோயில்ல மூணடி குத்துவிளக்கு ஜோடியா சொல்லலாம்னு இருக்கோம், என்ன பாத்து வாங்கணும்?

அக்கா, இப்பவே சொல்லிடுங்க, முகூர்த்தம் நெருங்கினா பட்டறைல அவசரத்துல முடிச்சு குடுத்துடுவாங்க. அந்த விளக்கு நம்ம காவிரி வண்டல் மண்ணுல அச்சு எடுத்து பித்தளைய உருக்கி ஊத்துறது, அடிப்பாகம், தண்டு, எண்ணெய் தட்டு, மேல அன்னம்னு தனித்தனியா வார்த்து, கடைசல் புடிச்சு, மரை போட்டு மாட்டுவாங்க. அதனால எடுக்கப் போறப்ப ஒவ்வொன்னையும் கழட்டி நீங்களே திரும்ப மாட்டிப் பாருங்க, மரை சிக்காம ஏறணும். சமதரைல வெச்சு அன்னத்து மேல லேசா விரல வெச்சு அழுத்துங்க, ஆடுச்சுன்னா அங்கயே சரி பண்ணச் சொல்லுங்க. தட்டுல எண்ணெய் ஊத்தியும் பாக்கணும், ஒரு பக்கம் சாஞ்சிருந்தா ஒரு முகத்துல திரி முழுகும், எதிர் முகத்துல காய்ஞ்சு கருகும். எடைக்குத்தான் விலை, உங்க கண்ணு முன்னாடி நிறுக்கணும்.

திருவாரூர் தம்பி: அக்கா, சீர் பாத்திரத்துல பேர் வெட்டறத போன்லயே சொல்லிடலாமா?

வேணாம்பா. என் தங்கச்சி கல்யாணத்துக்கு வேற ஒரு கடைல போன்ல சொன்னோம், மாப்ள பேர்ல இருந்த 'ழ'வ 'ல'ன்னு வெட்டிட்டாங்க, பதினோரு பாத்திரத்துலயும். பித்தளைல வெட்டினத அழிச்சா அந்த இடம் பள்ளமா தெரியும், இன்னும் அப்படியே தான் இருக்கு. வெள்ளைத்தாள்ல பெருசா எழுதி குடுங்க, முதல் பாத்திரம் வெட்டினதும் போட்டோ கேளுங்க.

சென்னைலேர்ந்து ஒரு அண்ணன்: சம்பந்திக்கு தஞ்சாவூர் தட்டு குடுக்கலாமா? எப்படி துடைக்கிறது?

தாராளமா குடுங்கண்ணா. பித்தளை தட்டு மேல வெள்ளித் தகடும் செம்புத் தகடும் பதிச்ச வேலை அது, நடுவுல சாமியோ மயிலோ நீங்க சொல்றது வரும். தகடுக்கு அடியில அரக்கு இருக்குங்கறதால புளி போட்டு தேய்க்கறது, சூடு காட்டறது ரெண்டும் கூடவே கூடாது. மெத்துன்னு காஞ்ச துணி போதும். இத ஒரு சீட்டுல எழுதி தட்டோடயே வெச்சு குடுங்க.

மயிலாடுதுறை பொண்ணு: முகூர்த்தப் புடவைய திருபுவனத்துல நெய்யச் சொல்லணும் அக்கா. எங்க ஊர் கூறைநாட்டு மாதிரி கட்டம் போட்டு கிடைக்குமா?

கேட்கவே சந்தோஷமா இருக்குமா. உங்க ஊர் கூறைநாட்டுப் புடவை பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்தது, பாட்டி காலத்து புடவை வீட்ல இருந்தா எடுத்துட்டு போய் தறிகாரர்கிட்டயே காட்டு, கட்டம் எத்தனை விரல் அகலம்னு அவர் தொட்டுப் பாக்கட்டும். திருபுவனம் பட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க. கலர போன் போட்டோல முடிவு பண்ணாத, சாயம் போட்ட நூல பகல் வெளிச்சத்துல பாத்துட்டு சரின்னு சொல்லு. ஒன்பது கஜமா ஆறு கஜமாங்கறத மாமியார்கிட்ட இன்னிக்கே கேட்டுடு, பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓட்டினப்பறம் மாத்த முடியாது.

பட்டுக்கோட்டை அம்மா: தாலிக்கு டிசைன் புக் பாக்கலாமா?

புக் வேணாம்மா. மாப்ள வீட்டு வழக்கப்படி தான் தாலி, குடும்பத்துக்கு குடும்பம் மாறும். சம்பந்தியம்மா தாலிய ஆசாரி நேர்ல பாக்கட்டும், தாலிக்கு பொன்ன உருக்கற பொன்னுருக்கு சடங்குக்கு நாள் பாக்கறதுக்கு முன்னாடியே.