கேன் தண்ணீரில் ஊறும் லென்ஸ்

கேள்வி: மாதம் ஒரு முறை மாற்றும் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மாதக் கடைசியில் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறியதும் அதில்தான் லென்ஸை ஊறப்போடுகிறேன். இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. தொடரலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கூடாது. இன்றே நிறுத்துங்கள். கேன் தண்ணீரோ, ஆர்.ஓ.வோ, கொதித்து ஆறியதோ, லென்ஸில் தண்ணீரே படக் கூடாது.

கண்ணீரில் உப்பு ஏறக்குறைய 0.9 சதவீதம். குடிநீரில் அவ்வளவு கிடையாது. அதனால் லென்ஸ் தண்ணீரை இழுத்து உப்பி, கருவிழியைக் கவ்விக்கொள்ளும். கழற்றும்போது மேல்தோல் கீறும். கிருமி நுழைய அந்தக் கீறல் போதும். குழாய்த் தண்ணீரிலும் மேல்நிலைத் தொட்டியிலும் இருக்கும் அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி, கூடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் சாகாது. கொதியில் சாகும், சரிதான். ஆனால் ஆறுவதற்குள் டம்ளரும் கையும் வேறு கிருமிகளைச் சேர்த்துவிடும். அவற்றைக் கொல்லும் மருந்து வெறும் தண்ணீரில் இல்லை. 1980களின் நடுவில் அமெரிக்காவில் இந்த அமீபா நோய் அதிகரித்தபோது, உப்பு மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) கரைத்து வீட்டிலேயே சொல்யூஷன் செய்துகொண்டவர்கள் பலர் அதில் சிக்கினார்கள். வந்தால் தொடக்கத்தில் இரவு பகலாக மணிக்கொரு சொட்டு மருந்து, பிறகு மாதக்கணக்கில் சிகிச்சை.

உங்கள் லென்ஸ் கேஸின் உட்புறத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழவழவென்றிருந்தால் அது கிருமிப் படலம். அந்தக் கேஸைத் தூக்கிப் போடுங்கள், லென்ஸையும் சேர்த்து. இனி காலையில் பழைய சொல்யூஷனைக் கொட்டி, புதிய சொல்யூஷனால் கேஸை அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு புதுக் கேஸ். ‘நோ ரப்’ (தேய்க்கத் தேவையில்லை) என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் லென்ஸை உள்ளங்கையில் வைத்து 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். பழையதோடு புதிதை ஊற்றி நிரப்பாதீர்கள். தலைக்குக் குளிக்குமுன் லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.

செலவுதான் கவலை என்றால் வீட்டில் கண்ணாடி போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் லென்ஸ் தேவை என்றால், போட்ட அன்றே வீசிவிடும் டெய்லி லென்ஸ் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குச் சொல்யூஷனே வேண்டாம்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கழற்றிய லென்ஸையும் கேஸையும் கழுவாமல் அப்படியே எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தே பரிசோதித்துப் பார்க்க முடியும்.