நுரையீரல் மருந்தால் அம்மாவின் பார்வை மங்குமா?

தோவாளையில் பூ கட்டும் உங்கள் அம்மா நாள்பட்ட நுரையீரல் தொற்றுக்கு மூன்று மாதமாக மருந்து சாப்பிடுகிறார், இப்போது சிவப்பு அரளி வெளிறித் தெரிகிறது என்கிறார், வயதுக்கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் மாத்திரை அட்டையில் எத்தம்பியூட்டால் என்று இருக்கிறதா பாருங்கள். காசநோய்க்கும், அதன் உறவுக் கிருமிகளால் வரும் தொற்றுக்கும் கொடுப்பது இது. சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். பெரும்பாலும் இரண்டு மாதம் கடந்த பிறகு, இரண்டு கண்ணிலும், வலியே இல்லாமல் வரும். சிவப்பு, பச்சை நிறங்கள் மங்குவது ஆரம்ப அறிகுறி. அளவு கூடினால் ஆபத்தும் கூடும். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். லினசோலிட் என்ற கிருமிக்கொல்லி மருந்தையும் மாதக்கணக்கில் எடுத்தால் இதே பிரச்சினை வரலாம்.

எத்தம்பியூட்டாலோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் என்ற மாத்திரையைச் சாப்பிட்டால் கண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இன்றே மருந்து எழுதிய டாக்டரைக் கூப்பிட்டு, அடுத்த வேளை எத்தம்பியூட்டால் கொடுக்கலாமா என்று கேளுங்கள். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம், நோய்க்கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்துக் கண் மருத்துவரிடமோ காட்டி, நிறம் பிரித்தறியும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். எத்தம்பியூட்டாலைச் சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குப் பார்வை மெல்ல மெல்லத் திரும்பும். தாமதித்தால் சிலருக்குத் திரும்பாமலே போகிறது.