கேலிச்சித்திரக்காரரின் அரசியல் பார்வை காலப்போக்கில் மாறுமா?

மாறும். ஆனால் கட்சி தாவுவதைப் போல மாறாது. ஸாபிரோ என்ற பெயரில் வரையும் தென்னாப்பிரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஜோனதன் ஷாபிரோவின் படங்களோடு வளர்ந்த டர்பன் சாட்ஸ்வர்த்காரன் நான். அவரை வைத்தே சொல்கிறேன்.

1983இல் நிறவெறிக்கு எதிராக ஐக்கிய ஜனநாயக முன்னணி தொடங்கியபோது அவர் அதில் சேர்ந்தார். மறு ஆண்டு, நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று ஒரு தனி அவையைக் கொடுத்து எங்களைப் பிரிக்கப் பார்த்த தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி, என் அப்பா வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தார். 1988இல் ஸாபிரோவைக் காவலில் வைத்தார்கள். ஆகவே அப்பாவுக்கு அவர் நம் ஆள். 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அவருடைய படங்களைக் கத்தரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்தார்.

அடுத்து வந்த, மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் ஆட்சியையும் ஸாபிரோ விடவில்லை. மண்டேலாவே அவரிடம் அதுதானே உங்கள் வேலை என்று சொன்னாராம். ஸாபிரோ இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 2006இல் பாலியல் வன்முறை வழக்கில் அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ஜேக்கப் சூமா விடுதலையானார். ஆனால் எச்ஐவி தொற்றாமலிருக்கக் குளித்ததாக நீதிமன்றத்தில் அவர் சொன்னதை ஸாபிரோ மறக்கவில்லை: சூமாவின் தலையில் ஷவர் முளைத்தது. 2008 செப்டம்பரில், கூட்டாளிகள் நீதிதேவதையைத் தரையில் அழுத்திப் பிடித்திருக்க, சூமா இடுப்பு வாரைக் கழற்றும் படம் வந்தது. அப்பா பத்திரிகையை மடித்து மேசைக்கு அடியில் போட்டார். "நம் வீட்டுச் சண்டையை ஏன் தெருவுக்குக் கொண்டுவருகிறான்?" என்றார். சூமா தொடுத்த வழக்கு 2012 வரை இழுத்து, கடைசியில் கைவிடப்பட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் படம் வந்ததற்கு அடுத்த ஆண்டு, 2009இல் நடந்தது. சூமா ஜனாதிபதியானதும் ஸாபிரோ அந்த ஷவரைத் தலையிலிருந்து பிரித்து மேலே அந்தரத்தில் தொங்கவிட்டார். ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்ற தயக்கம் அந்த இடைவெளியில் அப்படியே தெரிந்தது. பிறகு ஷவர் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. தன் பக்கத்து மனிதர்களை நம்ப விரும்பி, நம்ப முடியாமல் போன ஒருவரின் மாற்றம் அது. எதிரியை வரைவதைவிட இது பல மடங்கு கடினம் என்று நினைக்கிறேன்.

அவரும் சறுக்கியிருக்கிறார். 2016இல் நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞரைக் குரங்காக வரைந்தார். நிறவெறி கண்ட எங்கள் மண்ணில் அந்த உருவம் எவ்வளவு வலிக்கும்! பின்னர் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

2018 பிப்ரவரியில் சூமா பதவி விலகிய வாரம், அப்பா அந்த பிஸ்கட் டப்பாவைக் கேட்டார். நீதிதேவதை படம் அதில் இல்லை. எங்கேயாவது கிடைக்குமா என்று என்னைத் தேடச் சொன்னார்.